ஆண் குரங்குகளும் ஒரு தேக்கிலையும்

நான் படித்த கல்லூரியிலிருந்து போன் வந்தது. விலங்கியல் துறையில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள்: ஆண்களிடையே ஒருபால் உறவும் சமூக அந்தஸ்தும், பரிணாமவியல் தரும் விளக்கங்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. செங்கத்தில் பதினாறு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தை வரையச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கல்லூரி இருக்கும் ஊரில் எத்தனையோ முனைவர்கள் இருக்கும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால், யாரோ என் வீட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இவனைக் கூப்பிட்டால் பாடத்தோடு அனுபவமும் சேர்ந்து வரும், ஒரே பஸ் செலவு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேடை என்றால் எனக்கு எப்போதும் ஒரு சபலம்.

வீட்டு விஷயம் இதுதான். ஜவ்வாது மலைமேல் ஒரு சிற்றூரில் நானும் அவனும் ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். அவன் மலைக்காரன். சாமையும் கேழ்வரகும் போடுகிறான், நிலத்தின் ஓரமாக நான்கு பலாவும் ஆறு புளியும் நிற்கின்றன. நான் கீழ்நாட்டிலிருந்து வந்தவன். வாரத்தில் ஐந்து நாள் ஸ்கூட்டரில் மலையிறங்கிப் பள்ளிக்கூடம் போய்விட்டு ஏறி வருகிறேன். அவனுடைய அண்ணன் மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க அவன் எங்கள் பள்ளிக்கு வந்த அன்று முதன்முதலாகப் பார்த்தேன். விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, அடித்து, மறுபடி எழுதி, புதுப் படிவம் கேட்டு வந்து நின்றான். மூன்றாவது படிவம் கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அதற்குமேல் அந்தக் கதையை இங்கே சொல்லப்போவதில்லை.

ஊரில் எங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்கு வாயால் வேறு சொல்ல வேண்டும் என்பது மலைக்காரர்களின் பழக்கம். பேசியே பழகிய எனக்கு அதைப் புரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆயிற்று.

போன் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல அவனுடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் நான் என் உரையை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். கேட்பதற்கு மூன்று பேர்: அவன், அவனுடைய அண்ணன், முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அண்ணி. குழந்தை பெறாத ஒரு குணம் எப்படித் தலைமுறை தலைமுறையாக அழியாமல் தொடர்கிறது என்பதுதான் அறிஞர்களுக்குப் புரியாத புதிர், அதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன என்று கம்பீரமாகத் தொடங்கினேன்.

முதல் விளக்கத்துக்குச் சித்தப்பா விளக்கம் என்று நானே பெயர் வைத்திருந்தேன். தனக்கென்று பிள்ளை இல்லாதவன் உடன்பிறந்தாரின் பிள்ளைகளை வளர்க்க உதவுகிறான், அதனால் அந்தப் பிள்ளைகள் நன்றாகப் பிழைக்கின்றன, குடும்பத்தின் மரபணு அவர்கள் வழியாகத் தொடர்கிறது. அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"சித்தப்பன் தல தெரிஞ்சா பசங்க பொஸ்தகத்த மூடிடுதுங்க. இவரால என் புள்ளைங்க பொழைக்குதுங்கன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க சாரு."

பிள்ளைகளுக்கு மரமேறக் கற்றுக்கொடுத்ததும், பரீட்சைக்கு முதல்நாள் தேன் எடுக்கக் கூட்டிப்போய் முகம் வீங்கக் கொண்டுவந்து விட்டதும் யார் என்று ஒரு பட்டியல் போட்டார். அவன் எதையும் மறுக்கவில்லை. நான் குறிப்பேட்டில் அந்த விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இரண்டாவது விளக்கத்தில் அந்தஸ்து வருகிறது. ஏற்றத்தாழ்வு மிகுந்த சமூகத்தில் ஒரு பெண்ணை வசீகரமாக்கும் மரபணு இருந்தால் அவள் தன்னைவிட மேலான இடத்தில் வாழ்க்கைப்பட்டு நிறையப் பிள்ளை பெறுவாள். அதே மரபணு அவளுடைய சகோதரனிடம் வேறு மாதிரி வெளிப்படலாம். சகோதரியின் வெற்றிதான் சகோதரனின் குணத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது என்பது வாதம். இதைச் சொல்லி முடித்ததும் அண்ணிக்குத் தன் நாத்தனார் நினைவு வந்துவிட்டது. அவரைப் போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு இவர்கள் அளவுதான் நிலம், இவர்கள் அளவுதான் கடன், மீசை மட்டும்தான் மேலே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது, அண்ணன் விளக்கம். ஒரே தாய் வயிற்றில் அண்ணன்மார் அதிகம் பிறந்திருந்தால் தம்பி இப்படிப் பிறக்கும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது என்று சொல்லப்படுகிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் பல் குத்திக்கொண்டிருந்த அண்ணன் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார்.

"அப்போ என்னாலயா?"

அவன் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி சிரித்ததில் சாமை சிதறியது. ஒரே ஒரு அண்ணனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, யாருடைய குற்றமும் இல்லை, குற்றமே இல்லை என்று நான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. அவர் முழுதாக நம்பவில்லை. அன்று முதல் ஒரு மாதம் தம்பி தட்டில் இரண்டு துண்டு அதிகமாக விழுந்தது.

நான்காவது விளக்கத்தைத்தான் நான் அதிகம் நம்பினேன். குரங்குகள் உட்படப் பல விலங்குகளில் ஆண்மேல் ஆண் ஏறுவது அந்தஸ்தைக் காட்டத்தான், ஏறுகிறவன் பெரியவன், ஏற விடுகிறவன் சின்னவன் என்று ஒரு கருத்து நெடுநாளாக உண்டு. இதைக் கரும்பலகையில் ஏணி வரைந்து அம்புக்குறி போட்டு விளக்கலாம். வாத்தியார்களுக்கு ஏணியும் அம்புக்குறியும் இருந்தால் போதும், உண்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போதாததற்கு எங்கள் நிலத்தைச் சுற்றியே ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. தலையில் நடுவகிடு எடுத்துச் சீவியது போல மயிர் இருக்குமே, அந்த நாட்டுக் குரங்குதான். நானே பார்த்து எழுதிய சான்றோடு போய் நின்றால் என்னைக் கூப்பிட்டவர்கள் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

ஆனி மாதம், பலா பழுக்கும் காலம். தினமும் விடிந்ததும் குறிப்பேட்டோடு பாறைமேல் உட்கார்ந்துவிடுவேன். கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள் ஐந்து. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறும்போதெல்லாம் ஏறியவனுக்கு மேலே, ஏற விட்டவனுக்குக் கீழே ஒரு கோடு. மூன்று வாரத்தில் ஒன்றாம் எண்ணிலிருந்து ஐந்தாம் எண்வரை அழகான ஏணி கிடைத்துவிட்டது. மெலிந்த, நீள வால் கொண்ட ஒரு குரங்குதான் ஒன்றாம் எண். காது கிழிந்த ஒரு தடியன் நான்காம் எண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காபி கொண்டுவந்தவனிடம் ஏணியைக் காட்டினேன்.

ஒன்றாம் எண் எது என்று கேட்டான். மரத்தில் உட்கார்ந்திருந்ததைக் காட்டினேன். அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மெலிந்தவனை அவன் நான்கு வருடமாக விரட்டிக்கொண்டிருக்கிறான். தனியாக வந்தால் மற்றதெல்லாம் தின்றுவிட்டுப் போட்ட சக்கையைத்தான் அது பொறுக்கும் என்றான். சொன்னதோடு விடாமல், வெடித்துக் கிடந்த ஒரு பலாவை எடுத்துவந்து பாறைமேல் பிளந்து வைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு தள்ளிப்போனான்.

காது கிழிந்தவன் இறங்கி வந்தான். மற்ற மூன்று ஆண்களும் அங்கங்கே நின்றுவிட்டன. மெலிந்தவன் மட்டும் நேராக அவனிடம் வந்து, முதுகில் ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். தடியன் தலையைத் திருப்பி உதட்டைச் சப்புக்கொட்டினான். பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றன. மற்றவை காத்திருந்தன. கூட்டத்தில் எல்லாரும் வழிவிட்டது என்னுடைய நான்காம் எண்ணுக்குத்தான்.

"நீ இன்னாத்த வெச்சி அத்த பெரியவன்னு எழுதன?" என்று கேட்டான்.

மேலே ஏறியதை வைத்து என்றேன். சரி, ஏன் ஏறினான் என்றான். பெரியவன் என்பதால் என்றேன். அவன் சரி என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அவன்மேல் வந்த கோபம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள், செங்கம் கடைவீதியில் ஒரு லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றபோது மண்டையில் உறைத்தது. ஏறுகிறவன் பெரியவன் என்று முதலில் நானே முடிவு செய்து எண் கொடுத்தேன். பிறகு அந்த எண்ணைக் காட்டி, பாருங்கள், பெரியவன்தான் ஏறுகிறான் என்று நிரூபித்தேன். என்னிடம் இப்படி ஒரு விடைத்தாள் வந்தால் சிவப்பு மையில் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். லாரி போய்விட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஏணியைக் கிழித்துவிட்டு மறுபடி பாறைமேல் உட்கார்ந்தேன். இந்தத் தடவை இரண்டையும் தனித்தனியாக எழுதினேன்: யார் முதலில் தின்கிறார்கள், யார் யார்மேல் ஏறுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெரியது சின்னதன்மேல் ஏறியது, சின்னது பெரியதன்மேல் ஏறியது. காலையில் சந்தித்துக்கொள்ளும்போது, நாயை எதிர்க்கப் போகும்முன், சண்டை போட்டு ஓய்ந்த பின் எல்லாம் நடந்தது. கட்டிக்கொள்ளும், பேன் பார்க்கும், ஏறும், இறங்கும். நாளைக்குச் சண்டை வந்தால் எனக்குத் துணை நிற்பாயா என்று கேட்டுக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம், அப்படியும் ஒரு விளக்கம் உண்டு. ஆனால் எந்தச் சண்டையும் இல்லாத மத்தியான வெயிலில், வயிறு நிறைந்து கிடக்கும்போதும் நடந்தது. அதற்கு என்ன எழுத என்று அவனைக் கேட்டேன்.

"பிரியமா கீதுங்க" என்றான்.

அறிவியலில் அப்படி எழுத முடியாது என்றேன். சரி, எழுதாதே என்றான். குறிப்பேட்டில் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். பதினாறு வருட வாத்தியார் வேலையில் அந்த இரண்டு வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதியதும் மனசு லேசாகிவிட்டது.

ஆடி பிறந்த வாரம் கல்லூரிக்குப் போனோம். நீயும் வா என்று சும்மாதான் கேட்டேன். பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். நான் நான்கு விளக்கங்களையும் சொன்னேன். ஒவ்வொன்றும் எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று சொன்னேன். பிறகு என் ஏணிக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, கேலிக்கு ஆளாவதை இவ்வளவு ரசிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. குரங்கைப் பார்த்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்றேன். ஆனால் எதை வைத்து ஒருவனைப் பெரியவன் சின்னவன் என்று சொல்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், பங்கு வைக்கும்போது யாருக்காக மற்றவர்கள் நின்று வழிவிடுகிறார்கள், யாருக்குத் தனியாக இடம் இருக்கிறது, அங்கே பார்க்க வேண்டும் என்று முடித்தேன்.

ஒரு மாணவி எழுந்து, இத்தனை விளக்கமும் அரைகுறை என்றால் இதனால் என்னதான் பயன் சார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஏழு வருடமாக ஒருவரோடு வாழ்கிறேன், பயன் என்ன என்று நாங்கள் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை, நேரம் ஒழியவே இல்லை என்றேன். பிறகு கைதட்டல். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை தலையைக் குனிந்துகொண்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மிதப்பில் இருந்தேன். யார் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கணியம்பாடி தாண்டியதும் அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"பங்கு வெக்கும்போது யாருக்கு எடம் கீதுன்னு பாக்கணும்னியே. ஊர்ல எனக்குன்னு எலை கெடையாது. அப்போ நானு எத்தினியாவது ஆளு?"

எனக்குப் புரியவில்லை. அவன்தான் விளக்கினான். ஆடிக் கடைசியில் ஊரில் அம்மனுக்குத் திருவிழா. கிடா வெட்டி, கறியைக் கூறு போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்து வரிசையில் வைப்பான், அந்த இலையில் அந்த வீட்டின் கூறு விழும். இலை இருந்தால் வீடு, வீடு இருந்தால்தான் ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்கலாம், சாமி தூக்க முறை வரும். கல்யாணம் ஆகாதவனுக்கு இலை இல்லை. அப்பன் இலையிலோ அண்ணன் இலையிலோ அவன் பங்கு அடக்கம். கல்யாணம் ஆன மறுவருடம் புது இலை வரிசையில் சேரும். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. அவனோடு கோலி விளையாடியவர்களெல்லாம் பத்துப் பதினைந்து வருடமாக இலை வைக்கிறார்கள். அவன் கூறு இன்னும் அண்ணன் இலையில்தான் விழுகிறது.

அண்ணி தூக்குவாளி நிறையக் குழம்பே கொடுத்துவிடுகிறாரே என்று கேட்டேன். கேட்டதும் என் மடத்தனம் எனக்கே தெரிந்தது.

"கறிக்கு இல்ல. எலைக்கு" என்றான்.

ஏழு திருவிழா அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் எனக்கு இது தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன் என்பதால் இவனுக்கு எந்தக் குறையும் இல்லை என்று நானே எண் கொடுத்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டம், யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாளே நான் போர்க்கோலம் பூண்டேன். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, என் உரையை மலைக்குத் தக்கபடி சுருக்கிச் சொல்லி நியாயம் கேட்கப்போகிறேன் என்றேன். வேண்டாம், நீ பேச ஆரம்பித்தால் ஆடி முடிந்துவிடும் என்றான். பேசினால் வேண்டும், வேண்டாம் என்று நாலு பேர் நாலு பக்கம் நிற்க வேண்டியிருக்கும், அப்புறம் யாராலும் இறங்கி வர முடியாது என்பது அவன் எண்ணம். இலையை மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்றான். அதில்தான் எனக்குப் பயம். ஏனென்றால் கூறு போடுகிறவர் அவனுடைய தாய்மாமன்.

அந்த மாமாவுக்கு ஒரு மகள். முறைப்படி அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றிருந்தார். அவன் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், திருவிழாவுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் வந்து பலாச்சுளை கேட்டு வாங்கித் தின்கிறாள். ஆனால் மாமா மட்டும் ஏழு வருடமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் பாதை மாறிப் போவார். அவர் கையில்தான் கத்தி. அந்த இலையை அவர் தாண்டிப் போய்விட்டால், ஊர் நடுவில், எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அவன் வெற்று இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று காலையில் அவன் இலை பறிக்கப் போனான். முதலில் முறம் அகலத்துக்கு ஒன்று பறித்தான். பேராசைக்காரன் என்று நினைப்பார்கள் என்று அதைப் போட்டுவிட்டு நடுத்தரமாக ஒன்று பறித்தான். இரண்டு தடவை கழுவினான். நான் சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

கோயிலுக்கு முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்த தரையில் இலைகள் வரிசையாக இருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு இலை. நான் வேடிக்கை பார்ப்பவர்களோடு புளியமரத்தடியில் நின்றேன். அவன் நடந்து போய் வரிசையின் கடைசியில் தன் இலையை வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். பேச்சுச் சத்தம் குறைந்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணி மட்டும் போய், கடைசிக்கு முந்தியதாக இருந்த தன் வீட்டு இலையைக் கொஞ்சம் நகர்த்தி அவன் இலைக்கு இடம் விட்டுவிட்டு வந்தார். அந்த நகர்த்தலுக்காக அவர் என்னை இன்னும் நூறு தடவை கேலி செய்யலாம், நான் வாய் திறக்க மாட்டேன்.

மாமா கறியையும் எலும்பையும் ஈரலையும் முதலிலேயே முப்பத்தொன்றாக வெட்டி, ஈரல் துண்டுகளைத் தட்டில் வைத்திருந்தார். ஒவ்வோர் இலையாகக் குனிந்து போட்டுக்கொண்டே வந்தார். இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்றாவது இலையில் கடைசித் துண்டைப் போட்டார். தட்டு காலி. அடுத்த இலை முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இது யாரு எலை?"

அவருக்குத் தெரியாதா என்ன.

"எங்க வூட்டு எலை மாமா" என்றான் அவன். ஏழு வருடத்துக்குப் பிறகு அவரை நேருக்கு நேராக மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், தாலி கட்டாத வீடு எப்படி வீடாகும் என்று முணுமுணுத்தார். வாத்தியார் கீழ்நாட்டு ஆள்தானே என்று இன்னொரு குரல் கேட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுப்பு தனியா என்று கேட்டார். தனிதான் என்றான். யார் பற்ற வைக்கிறது என்று கேட்டார்.

"காலைல அவரு. சாயங்காலம் நானு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சத்தமாகவே சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. காலித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எண்ணிக்க தப்பாப் போச்சி. என் தப்புதான்."

திரும்பி வரிசையின் முதல் இலைக்குப் போனார். அது அவர் வீட்டு இலை. அதிலிருந்த ஈரலில் ஒரு நுனியை அறுத்துத் தட்டில் போட்டார். அடுத்த இலையில் ஒரு நுனி. அதற்கடுத்ததில் ஒரு நுனி. ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் இலைக்குப் பின்னால் நின்றிருந்தான். கையை நீட்டித் தடுத்தவர் யாருமில்லை. முணுமுணுத்த பெரியவரின் முறை வந்தபோது அவர் குனிந்து தானே ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, முகம் கடுகடுப்பாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வீட்டிலிருந்தும் எடுத்த நுனிகளை மாமா எங்கள் இலையில் கவிழ்த்தார். பிறகு கறிக்கும் அப்படியே, எலும்புக்கும் அப்படியே, முப்பத்தொரு இலையிலும் போட்டுவிட்டு, முதல் இலையிலிருந்து கடைசி வரை நடந்து நடந்து எடுத்து வந்தார். கடைசியில் எங்கள் கூறு மற்ற கூறுகளின் அளவுக்கு வந்துவிட்டது. துண்டுகள் மட்டும் பொடிப்பொடியாக இருந்தன.

"அடுத்த வருசம் முப்பத்திரண்டா வெட்றேன்" என்றார் அவனிடம். "நேரத்தோட வந்து எலைய வை."

அவன் இலையை மடிக்கக் குனிந்தான். மடிப்பு நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன் அழுதுகொண்டிருந்தான். நான் புளியமரத்தடியிலிருந்து வரிசைக்குள் நடந்து போனேன். இலைக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். ஓர் இலையை மடிக்க இரண்டு பேர் தேவையில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் மடித்தோம்.